முதலாண்டு மாணவரும் காலையுணவும்

கல்லூரி விடுதியில் மணி அடித்ததும் உண்டோம். வீட்டிலிருந்து வந்தோருக்கு அன்னையர் அவித்த பிட்டும் சம்பலும் இருந்தன. எதனை, எப்பொழுது உண்பது என்னும் கவலை எவருக்கும் இருந்ததில்லை. பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு அந்த மணியும் அன்னையின் அடுப்பும் ஒரே நாளில் தொலைவாகின்றன. பேராதனையிலோ மொறட்டுவையிலோ வாடகை அறையில் இருந்து, கைப்பணத்தை எண்ணிச் செலவிடும் அவன் முதலிற் கைவிடுவது காலையுணவையே.

எம்மிடம் கற்றுச் சென்ற ஒருவர் முதல் விடுமுறைக்கு வாடிய முகத்துடன் வந்தார். வினவியபோது, காலையில் வெறுந் தேநீர், பகலிற் சோற்றுப் பொதி, இரவிற் பாணும் பருப்பும், அதனுடன் மீண்டும் தேநீர் என்றார்.

இதிலுள்ள குறைகள் யாவை? உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கினைக் கொள்கின்றது. இரவு முழுவதும் அதற்குக் குளுக்கோசை வழங்கிய ஈரலின் சேமிப்பு விடியலிற் குறைந்திருக்கும். அதனை நிரப்பாது விரிவுரைக்குச் செல்வது முறையன்று.

அடுத்தது இரும்புச்சத்து. பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்பு, புலாலிலுள்ளதைப் போல எளிதில் உடலிற் சேராது. உணவோடு பருகும் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் அதனை மேலும் தடுக்கும். தேசிப்புளியிலுள்ள விற்றமின் சீ அதற்குத் துணைபுரியும். ஆதலால் வல்லாரைச் சம்பலுக்குத் தேசிப்புளி விடும் வழக்கம் நன்று. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக.

செலவு குறைந்த காலையுணவும் உண்டு. இரவில் ஊறவைத்த பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணலாம். உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உளது. பாணிற் குறைவாயுள்ள லைசீன் என்னும் அமினோவமிலம் பயற்றில் நிறைந்துள்ளது. சைவ உணவினர் பாலையோ தயிரையோ விடலாகாது. விற்றமின் பீ12 தாவர உணவிற் போதியளவு கிடைப்பதன்று.

எனினும் பணமுடை மட்டுமே காரணமன்று. பகிடிவதைக்கு அஞ்சிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போகாது பட்டினி கிடக்கும் புதியவர்களும் உளர். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆயினும் அச்சம் முற்றாக நீங்கவில்லை. பல்கலைக்கழகங்களிற் பயிலும் எம் பழைய மாணவர்களே, இவ்விடத்தில் உங்கள் கடமை பெரிது. எம் கல்லூரியிலிருந்து புதிதாக வரும் தம்பியரை முதல் வாரத்திலேயே தேடிச் சென்று அழைத்து வந்து, உடனிருந்து உண்ணுங்கள். அவர்களுக்குப் பயறு அவிக்கவும் கற்றுக்கொடுங்கள்.