புது ரூட்டரும் பழைய பிரிண்டரும்



செங்கல்பட்டு வட்டார வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முன்பெல்லாம் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலைதான். 2017 ஜூலை 1 முதல் வரியும் அதே பெயரில் வந்து சேர்ந்தது. சாலையில் லாரி காத்து நிற்க, கணினியில் பில் தயாராக இருந்தும் பிரிண்டர் அசையாவிட்டால் சரக்கு புறப்படுவது எப்படி? மின்-இன்வாய்ஸ் முறைக்கு உட்படாத வணிகர்கள் சரக்கு விற்பனை பில்லை, வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, தமக்கு ஒன்று என மூன்று பிரதிகளாகத் தயாரிக்க வேண்டும் என்பது விதி. எனவே பிரிண்டர் நின்றால் வியாபாரமும் நிற்கும்.

இந்தத் தடை பெரும்பாலும் புது ரூட்டர் மாட்டியவுடன் வருகிறது. இடி மின்னலில் பழைய ரூட்டர் போயிருக்கலாம். ஃபைபர் இணைப்புக்கு மாறியிருக்கலாம். நேற்றுவரை ஓடிய வயர்லெஸ் பிரிண்டர் இன்று ஓடவில்லை என்றதும், அதன் ஆயுள் முடிந்தது என்று கருதிப் புதிது வாங்கப் புறப்படுவோர் உண்டு. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரிண்டரில் பழுது இல்லாமலே இந்தத் தடை வரக்கூடும்.

காரணம் என்ன?

முதலாவது, அலைவரிசை. பழைய பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றை மட்டுமே அறியும். நம் நாட்டில் 2005இல் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட அலைவரிசை இது. புது ரூட்டர்கள் இதனுடன் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒலிபரப்புகின்றன. இதனால் சில பழைய பிரிண்டர்கள் குழம்பிவிடுகின்றன.

இரண்டாவது, பூட்டு. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் பாதுகாப்பு முறை 2004இலும், டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018இலும் வந்தன. புது ரூட்டர் மூன்றாம் பூட்டைப் போட்டிருந்தால், இரண்டாம் சாவி மட்டுமே வைத்துள்ள பிரிண்டர் உள்ளே நுழைய முடியாது.

மூன்றாவது, முகவரி. ரூட்டர் தன்னுடன் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கிறது. ரூட்டர் மாறினால் முகவரியும் மாறலாம். கணினியோ பழைய முகவரியிலேயே பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியவை

1. கடை அடைத்த பின்போ விடுமுறை நாளிலோ இவ்வேலையைத் தொடங்குக. லோடு ஏற்றும் நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

2. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரியும் நுழைவுச் சொல்லும் இருக்கும். முகவரி 192.168.1.1 போன்று அமைந்திருக்கும். அதைக் கணினியின் பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். திறக்க இயலாதபடி பூட்டப்பட்டிருந்தால் இணைப்பு கொடுத்த நிறுவனத்தாரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

3. வயர்லெஸ் பகுதியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கவும். 2.4க்குப் பழைய ரூட்டரில் இருந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால், பிரிண்டர் தானாகவே சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்கவும்.

4. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ். என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

5. பிறகும் சேராவிட்டால், பிரிண்டரின் நெட்வொர்க் அமைப்பை மட்டும் ரீசெட் செய்து, அதன் திரையில் 2.4 பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுக்கவும். திரை இல்லாத பிரிண்டரானால், ரூட்டரில் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்தி, 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அதற்குரிய பொத்தானை அழுத்தவும்.

6. பிரிண்டர் சேர்ந்த பின்னும் கணினியில் "ஆஃப்லைன்" என்று காட்டினால், கணினியிலிருந்து பிரிண்டரை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்கவும். ரூட்டரில் அந்தப் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை திரும்ப வராது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கணினி 5 ஜிகாஹெர்ட்ஸிலும் பிரிண்டர் 2.4இலும் இருந்தால் பில் அச்சாகுமா? இரண்டும் ஒரே ரூட்டரின் முதன்மை இணைப்பில் இருந்தால் போதும், அச்சாகும். மேலும், 2.4 அலை வேகம் குறைந்ததாயினும் சுவர் தாண்டிச் செல்வதில் 5ஐ விட மேல். முன்புறம் கடை, பின்புறம் குடோன் என்று இருப்போருக்கு இது அனுகூலமே.

கவனிக்க வேண்டியது

மாமல்லபுரம், கோவளம் பகுதிகளில் விடுதி, உணவகம், கற்சிற்பக் கடை நடத்தும் அன்பர்கள் சிலர் வாடிக்கையாளர்களுக்கும் வைஃபை வசதி தருகின்றனர். அவர்களுக்குக் "கெஸ்ட்" என்னும் தனி இணைப்பைக் கொடுங்கள். பில் கணினியும் பிரிண்டரும் முதன்மை இணைப்பிலேயே இருக்கட்டும். கணினியோ பிரிண்டரோ தவறிக் கெஸ்ட் இணைப்பில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று காணாது. பிரிண்டர் ஓடாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

எது எப்படியாயினும், பிரிண்டர் ஓட வேண்டும் என்பதற்காகப் பாஸ்வேர்டை எடுத்துவிடுவதோ, டபிள்யூ.இ.பி. என்னும் மிகப் பழைய முறைக்கு இறங்குவதோ கூடவே கூடாது. அந்தப் பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் 2001 முதலே கிடைக்கின்றன. நம் கணக்கு, வாடிக்கையாளர் விவரம், வங்கி வேலை யாவும் அதே இணைப்பில்தான் நடக்கின்றன. ஒரு பிரிண்டருக்காகக் கல்லாப்பெட்டியைத் திறந்து வைப்போமா?

பிரிண்டர் இரண்டாம் பூட்டையும் அறியாத அளவு பழையதாயின், வயர்லெஸை விட்டுவிட்டு யு.எஸ்.பி. கேபிளில் இணைக்கவும். கேபிள் நீளம் 5 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். பிரிண்டரில் லேன் துளை இருந்தால் ரூட்டரிலிருந்து 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். வயர்லெஸ் சரியாக ஓடினாலும், ஒரு யு.எஸ்.பி. கேபிளை மேசை அறையில் வைத்திருப்பது நல்லது. வைஃபை காலை வாரும் நாளில் லாரியை அனுப்பிவைக்க அது உதவும்.

வேலை முடிந்ததும், ரூட்டர் செட்டிங்ஸ் பக்கத்தின் நுழைவுச் சொல்லை மாற்றி, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பிரிண்டர் முகவரி ஆகியவற்றுடன் கணக்கு நோட்டில் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ரூட்டர் மாறும்போது அந்தக் குறிப்பு இருந்தால் வேலை விரைவில் முடியும்.