குழியானையின் சிறகு

நுழையும்முன்

ஓர் உயிரியைக் கண்டதும் அதன் பெயரைக் கேட்கிறோம். பெயர் கிடைத்துவிட்டால் மேலும் நோக்காமல் நகர்ந்துவிடுகிறோம். தான் எடுத்த ஒளிப்படத்திலிருந்த பூச்சியை அடையாளம் காண முயன்ற மாணவி ஒருத்தியின் தேடலையும், மலேசியக் காட்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று புதிய சிற்றினத்தைக் காட்டித்தந்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு வருவோர், முருகன் கோவில் படிகளில் ஏறும்போது கண்களை மேலேயே வைத்திருப்பர். பாறையின்மேல் மயில் நிற்கிறதா, தோகை விரிகிறதா என்பதே அவர்தம் ஆவல். மயிலுக்குப் பெயர்பெற்ற ஊரில் அஃது இயல்பே. அம்மயில்கள் கொத்தித் தின்னும் சிற்றுயிர்களை நோக்குவார் மிகச் சிலர். விராலி என்பது வறண்ட குன்றுகளில் வளரும் புதர்ச்செடி ஒன்றின் பெயருமாகும். அத்தகைய புதர்களின் இலையடியிலும் காய்ந்த சுள்ளிகளிலும் எத்தனையோ பூச்சிகள், இருப்பது தெரியாமலே இருந்து மறைகின்றன.

அவற்றை ஒளிப்படம் எடுக்கப் புறப்பட்ட மாணவர் குழுவொன்றுடன் ஒரு முறை நானும் சென்றிருந்தேன். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. கைப்பேசியின்மேல் பற்றிக்கொள்ளும் சிறு வில்லையும், வெயிலின் கூர்மையைத் தணிக்க ஒரு வெள்ளைத்தாளும் மட்டுமே இருந்தன. விடியற்காலையைத் தேர்ந்தெடுத்திருந்தனர். பூச்சிகள் குளிர்குருதி உயிரிகள். உடல் சூடேறும்வரை அவை விரைந்து பறப்பதில்லை.

மிக அருகிலிருந்து எடுக்கும் இவ்வகைப் படத்தை மேக்ரோ ஒளிப்படம் என்பர். பொருளின் உண்மையான அளவும், கருவியினுள் உணரியின்மீது விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமாவதே இதன் அடிப்படை இலக்கணம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வளவு நெருங்கும்போது தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். சிறகு தெளிந்தால் தலை மங்கும். தலை தெளிந்தால் வால் மங்கும். பூச்சியை அடையாளம் காண்பதில் நேரும் பிழைகளுள் பல இவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

அன்றும் அவ்வாறே நேர்ந்தது. காய்ந்த விராலிக் கிளை ஒன்றில் சாம்பல் நிறப் பூச்சியொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெலிந்து நீண்ட உடல்; அவ்வுடலின்மேல் கூரைபோல் மடிந்த நான்கு சிறகுகள்; சிறகெங்கும் வலைப்பின்னல்போல் நரம்புகள். மாணவி ஒருத்தி அச்சிறகின் அழகில் மயங்கி ஐந்தாறு படங்கள் எடுத்தாள். சுற்றி நின்றோர், “ஊசித்தட்டான்!” என்று ஒரே குரலில் கூறினர். கைப்பேசியிலிருந்த செயலியும் அதையே வழிமொழிந்தது. அவளுக்கு மட்டும் ஐயம் நீங்கவில்லை.

“ஐயா, ஊசித்தட்டானைக் கண்மாய்க்கரையில் பார்த்திருக்கிறேன். அது சிறகை முதுகின்மேல் ஒன்றாய்ச் சேர்த்து வைக்கும். இது கூரை வேய்ந்ததுபோல் வைத்திருக்கிறதே?” என்றாள்.

“உணர்கொம்பைப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

அவள் எடுத்த படங்கள் அனைத்திலும் சிறகு தெளிவாக இருந்தது. தலை மங்கலாக இருந்தது. அழகிய படங்கள்தாம், ஆனால், வழக்கைத் தீர்க்கவல்ல சான்று அவற்றில் இல்லை.

நல்வாய்ப்பாகப் பூச்சி அசையவில்லை. மாணவி தரையில் முழந்தாளிட்டுப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்திற்கு நேராக ஒன்று எனப் படமெடுத்தாள். பூச்சியின் அளவு தெரியும்பொருட்டு ஓர் அளவுகோலையும் அருகில் பிடித்து மற்றொரு படம் எடுத்தாள். முகத்தின் படத்தில் விடை இருந்தது. தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் உணர்கொம்பு மயிரிழை போன்று மிகக் குறுகியது. வெறுங்கண்ணுக்கு இருப்பதே தெரியாது. இப்பூச்சிக்கோ உணர்கொம்புகள் தடித்து, நுனி பருத்து, சற்றே வளைந்து கதாயுதம்போல் இருந்தன. ஆகவே இது தட்டானினம் அன்று. இதன் வரிசையிலேயே உணர்கொம்பு மிக நீண்ட வேறொரு வகையும் உண்டு. இதன் கொம்பு குறுகியதாதலின் அவ்வகையும் விலக்கப்பட்டது. எஞ்சியது ஒன்றே: இது குழியானையின் முதிர்ந்த வடிவம்.

மாணவர்கள் வியப்பில் ஆழ்ந்தனர். குழியானையை அறியாத சிற்றூர்க் குழந்தை ஏது? திண்ணையோர மணலில் புனல்போல் குழி பறித்து அடியில் பதுங்கியிருக்கும். எறும்பு வழுக்கி விழுந்தால் மணலை வீசியெறிந்து மேலேறவிடாமல் தடுத்துப் பற்றிக்கொள்ளும். அதைக் கையில் எடுத்து, அது பின்னோக்கி நடப்பதைக் கண்டு சிரித்தவர்களே அங்கு நின்ற அனைவரும். கடுகளவுக்குச் சற்றே பெரிய உயிரிக்கு யானையின் பெயரை இட்டவர் எவரோ, நகைச்சுவை உணர்வு மிக்கவராய் இருந்திருக்க வேண்டும். மேலைநாட்டார் அதனை எறும்புச்சிங்கம் என்றனர்.

நாம் விளையாடிய அவ்வுயிரி முழுவளர்ச்சி பெற்றதன்று. அஃது இளவுயிரிப் பருவம். அதன் தாடைகள் உட்குழிவுடையவை. அவற்றின் வழியே இரையின் உடற்சாற்றை உறிஞ்சும். குடலின் பின்பகுதி அடைபட்டிருப்பதால் இப்பருவம் முழுவதும் கழிவை உடலுக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கும். பின்னர், உடலின் பின்முனையிலிருந்து பட்டிழை சுரந்து, மணல் ஒட்டிய உருண்டைக் கூடு கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாகும். கூட்டைவிட்டுச் சிறகுடன் வெளிவருவது இரவில் நடமாடும் பூச்சி. பகலில் சுள்ளியோடு சுள்ளியாய் ஒட்டிக்கிடக்கும். இரவில் விளக்கொளியை நாடித் தளர்ந்த பறத்தலுடன் வரும். மண்ணில் கண்டதற்கு நம்மிடம் பெயர் உண்டு. காற்றில் பறப்பதைத் தட்டான் என்று கடந்துவிடுகிறோம்.

“அப்படியானால் இதன் அறிவியற்பெயர் என்ன?” என்பது அடுத்த கேள்வி. இங்கே நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. வரிசை தெரிந்தது, குடும்பம் தெரிந்தது. சிற்றினத்தைத் துணிவதற்குச் சிறகு நரம்புகளின் நுண்ணிய அமைப்பையும், கால்முட்களின் நீளத்தையும், ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். ஒளிப்படம் இவை அனைத்தையும் காட்டுவதில்லை. குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வது தோல்வி என மாணவர்கள் எண்ணினர். ஊகித்து எழுதும் முழுப்பெயரைவிட, உறுதியாகத் தெரிந்த அரைப்பெயரே மேலானது என்பது என் கருத்து.

ஒளிப்படத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் நிகழ்வொன்று மலேசியாவில் நடந்தது. 2011ஆம் ஆண்டில் குவேக் ஹாக் பிங் என்னும் ஒளிப்பட ஆர்வலர், சிலாங்கூர் மாநிலக் காட்டில் பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைக் கண்டார். அசுவினிகளைத் தின்று உழவர்க்கு உதவும் பூச்சிகள் பலவற்றைக் கொண்ட இக்குடும்பமும் குழியானையின் குடும்பமும் நியூரோப்டிரா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. குவேக் கண்ட பூச்சியின் சிறகடியில் கரிய வரிகளும், அவற்றிடையே நீலப்புள்ளிகளும் இருந்தன. படமெடுத்தார், பூச்சி பறந்துவிட்டது. படத்தை இணையத்தில் வெளியிட்டார்.

கலிபோர்னியாவில் பூச்சியியலாளராகப் பணியாற்றிய ஷான் விண்டர்டன் தற்செயலாக அப்படத்தைக் கண்டார். அக்குடும்பத்துப் பூச்சிகளை நன்கு பயின்ற அவருக்கு அச்சிறகுவரி புதிதாகத் தோன்றியது. தம் துறையினரிடம் காட்டினார். அவர்களும் கண்டதில்லை என்றனர். பிறர் கண்ணுக்கு அழகிய பூச்சியாகத் தோன்றியது, அதுவரை அறியப்பட்ட வடிவங்களை நெஞ்சில் தாங்கிய ஒருவரின் கண்ணுக்கே புதுமையாகத் தோன்றியது. எனினும் படத்தை மட்டும் கொண்டு பெயர் சூட்ட அவர் துணியவில்லை. பூச்சியின் உடலே வேண்டும் எனக் குவேக்குக்கு எழுதினார். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், அதே காட்டுப்பகுதியில் குவேக் மற்றொரு பூச்சியைக் கண்டு பிடித்தார்.

அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டீவ் புரூக்ஸ் என்பவருக்கு அனுப்பப்பட்டது. அவர் ஆராய்ந்து புதிய சிற்றினமே என உறுதிசெய்தார். அங்கிருந்த சேகரிப்பிலேயே, பல்லாண்டுகளுக்கு முன்னர் கொணரப்பட்ட அதே சிற்றினப் பூச்சியொன்று பெயரின்றிக் கிடந்ததையும் கண்டறிந்தார்! மூவரும் இணைந்து எழுதிய கட்டுரை 2012இல் ‘ஜூகீஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது. பூச்சிக்கு ‘செமாக்ரிசா ஜேட்’ எனப் பெயரிட்டனர். ஜேட் என்பது பச்சைமணிக்கல்லின் பெயரன்றோ என எண்ணத் தோன்றும். உண்மையில் அது விண்டர்டனின் மகள் பெயர்.

தெரிந்து தெளிவோம்

1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் கொல்கத்தாவில் உள்ளது; அதன் தென்மண்டல மையம் சென்னையில் இயங்குகிறது. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிகள் அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது. காப்பகங்களில் வனத்துறையின் இசைவின்றிப் பூச்சிகளைப் பிடித்தல் கூடாது.

நாங்கள் அப்பூச்சியைப் பிடிக்கவில்லை. வெயில் ஏறியதும் அது கிளையின் மறுபக்கத்து நிழலுக்கு நகர்ந்தது. திரும்பும் வழியில் படிக்கட்டின் ஓரத்துப் புழுதியில் குழிகள் தென்பட்டன. முன்பு சிரித்து விளையாடியவர்கள் இப்போது அவற்றை மிதியாமல் சுற்றி நடந்தனர். மறுநாள் மாணவி தன் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டினாள். அழகிய சிறகுப்படத்தை விடுத்து, முகம் தெரிந்த படத்தையே தேர்ந்தெடுத்திருந்தாள். அதன் கீழே இடம், நேரம், இருந்த செடி, உடல் நீளம் ஆகியவற்றைக் குறித்திருந்தாள். குடும்பம் என்பதன் எதிரே ‘குழியானை’ என எழுதியிருந்தாள். சிற்றினம் என்பதன் எதிரே இடம் விட்டிருந்தாள்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் குழியானைக்கு வழங்கும் வேறு பெயர்களையும், அதனோடு தொடர்புடைய சிறுவர் விளையாட்டுகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. வீட்டு விளக்கடியில் இரவில் வந்தமரும் பூச்சி ஒன்றை மூன்று கோணங்களில் படமெடுத்து, நீங்கள் உறுதியாகக் கூறவல்லவற்றை மட்டும் அதன் கீழே எழுதுக.