எண்ணெய் மாற்றிய பின் ஒழுகும் வண்டி

ஜலகண்டாபுரம் பகுதியில் நூலும் பாவும் ஏற்றி வருவதற்கும், நெய்த சேலைகளை விற்பனைக்குக் கொண்டு செல்வதற்கும் சிறு சுமை வண்டிகளே பெரிதும் உதவுகின்றன. பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினருக்கோ டிராக்டர் இன்றிக் காரியம் நடவாது. இவற்றின் என்ஜினுக்கு உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவது நன்றே. ஆயினும் மாற்றிய மறுநாளே வண்டியின் அடியில் எண்ணெய்க் கறை காணப்படுமாயின் செய்யத்தக்கது யாது என்பதை நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

இப்பகுதியிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, வண்டிச் செலவில் இரண்டு வவுச்சர்கள் அடுத்தடுத்து இருக்கக் கண்டோம். முதலாவது, எண்ணெயும் பில்ட்டரும் மாற்றியதற்கு. அதன் பின் மூன்று வாரங்களுக்குள் எழுதப்பட்ட இரண்டாவது, கியர் பெட்டியை இறக்கி என்ஜினின் பின்புற ஆயில் சீலை மாற்றியதற்கு. முன்னதைப் போலப் பல மடங்கு தொகை. இவ்வளவு செலவிட்டும் ஒழுக்கு நிற்கவில்லை. வண்டி நின்ற இடத்தில் இறக்கி வைத்த சேலைக் கட்டு ஒன்று கறைபட்டு, நெய்தவருக்குக் கூலி குறையும் நிலையும் ஏற்பட்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை மேடுபள்ளத்தில் மோதிக் கெடுத்தார் என்று கருதி, பழுதுச் செலவை அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தீர்மானம் எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது.

ஓட்டுநரை அழைத்து வினவினோம். "ஐயா, ஆயில் மாற்றுவதற்கு முன்னே ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லைங்க" என்றார். அது தற்காப்புப் பேச்சு என்று குழுவினர் எண்ணினர். நமக்கோ அதுவே முதல் தடயமாகத் தோன்றிற்று. நேற்று வரை உலர்ந்திருந்த என்ஜின் இன்று நனையுமாயின், இடையே கை பட்ட இடங்களை முதலில் சோதிப்பதன்றோ முறை?

எண்ணெய் மாற்றும்போது கை படும் இடங்கள் மிகச் சில. அடித்தொட்டியிலிருந்து பழைய எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டும் அதன் வாஷரும் ஓரிடம். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை இறுக்கப்பட்டதும் நசுங்கிவிடும். அதையே மறுபடியும் போட்டால் கசிவு உண்டாகலாம். கசிகிறதே என்று அளவுக்கு மேல் முறுக்கினால் மரை தேய்ந்து, தொட்டியையே மாற்ற நேரிடும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியும் சரியாக மூடப்பட்டிருத்தல் வேண்டும். மிகுதியாக ஊற்றுவதும் ஒழுக்குக்குக் காரணமாவதுண்டு. அளவு மீறினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். உள்ளழுத்தம் கூடி, எண்ணெய் சீல்களின் வழியே வெளிப்படக் கூடும். ஆதலால் டப்பாவின் அளவை நம்பாது, சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓய்ந்து சில நிமிடங்கள் கழித்து, அளவுக் குச்சியின் இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பில்ட்டரைக் கழற்றுகையில் சிந்திய எண்ணெய் அடித்தகட்டில் தங்கி ஓரிரு நாள் சொட்டுவதும் உண்டு. அது ஒழுக்கே அன்று, துடைத்தால் தீர்ந்தது.

நனைந்த இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு என்பதை அங்கத்தினர் மனத்திற் கொள்ள வேண்டும். எண்ணெய் மேலிருந்து கீழிறங்கும். வண்டி ஓடுகையில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். முன்புறம் கசிந்தது பின்புறம், கியர் பெட்டி சேருமிடத்தில் சொட்டுகிறது. அதைக் கண்டதும் பின்புற சீல்தான் போயிற்று என்று மெக்கானிக் முடிவு கட்டிவிடுகிறார். இச்சங்கத்திலும் நடந்தது அதுவே.

நாம் செய்த சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. தறிக்கூடத்திலிருந்து கழிவு நூலை வாங்கி என்ஜினை மேலிருந்து அடி வரை துடைத்தோம். உலர்ந்த பின் ஐயப்பட்ட இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினோம். வெள்ளைத் துணி ஒன்றை அடியில் விரித்து, ஐந்து நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டோம். ஒன்றும் தெரியவில்லை! குழுவினர் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்ததும் உண்மை. பின்னர் ஓட்டுநரை வேகத்தைச் சற்றுக் கூட்டச் சொன்னோம். டார்ச் வெளிச்சத்தில் பவுடரின் மேல் மெல்லிய கருங்கோடு ஒன்று பில்ட்டரின் விளிம்பிலிருந்து இறங்கிற்று.

என்ஜினை நிறுத்தி ஆறவிட்டுப் பில்ட்டரைக் கழற்றியபோது, அதன் வாயில் ஒரு ரப்பர் வளையமும், என்ஜினின் முகத்தில் ஒட்டியபடி மற்றொன்றும் இருந்தன. பழைய பில்ட்டரின் வளையம் அதனுடன் வராமல் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேலேயே புதியது முறுக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு இரட்டை வளையம் அமைந்தால், அழுத்தம் குறைவான வேளையில் தாங்கும். அழுத்தம் மிகுந்தால் கசியும். குளிர்ந்த என்ஜினை எழுப்பும் காலையில் வளையம் முழுதும் பிதுங்கி எண்ணெய் சிறிது நேரத்தில் கொட்டிப்போவதும் உண்டு. அப்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரியும். எரிந்தால் 'அடுத்த ஊர் வரை போவோம்' என்று எண்ணாமல் அவ்விடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும். இல்லையேல் பேரிங்குகள் தேய்ந்து என்ஜினே வீணாகும். பழைய வளையத்தை எடுத்து, முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பின் பில்ட்டரில் குறித்துள்ளபடி கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினோம். ஒழுக்கு நின்றது. பிடித்தத் தீர்மானமும் அன்றே கைவிடப்பட்டது.

மெக்கானிக்கைக் குறை கூறுவது எளிது. ஆனால் மிகத் தேர்ந்தவர்களுக்கும் இத்தகைய தவறு நேர்ந்துள்ளது. 1983ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அமெரிக்காவின் மயாமியிலிருந்து நாசோ நகருக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் விமானத்தில் 172 பேர் இருந்தனர். எண்ணெயில் உலோகத் துகள் கலந்துள்ளதா எனக் காட்டும் சிறு கருவிகளை, அதற்கு முன் நடந்த பராமரிப்பில் மூன்று என்ஜின்களிலும் மாற்றியிருந்தனர். வழக்கமாக வளையம் பொருத்தியே கிடைக்கும் அக்கருவி அன்று வளையமின்றி வந்திருந்தது. பணியாளர் அதைக் கவனிக்கவில்லை. வேலை முடிந்து என்ஜினைச் சில விநாடிகளே சுழற்றிப் பார்த்ததால் கசிவு தெரியவில்லை. வானில் மூன்றிலும் எண்ணெய் ஒழுகிற்று. ஒன்றை விமானிகள் நிறுத்தித் திரும்பினர். மற்ற இரண்டும் தாமே நின்றன. கடலை நோக்கி இறங்கிய விமானத்தை, முதலில் நிறுத்திய என்ஜினை மீண்டும் எழுப்பி மயாமியில் இறக்கினர். உயிர்ச்சேதம் இல்லை. அங்கே ஒரு வளையம் குறைந்தது, இங்கே ஒன்று மிகுந்தது. இரண்டிலும் வளையத்தை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

அச்சங்கத்தில் இப்போது வண்டிப் பதிவேட்டில் எண்ணெய் மாற்றிய நாளும் கிலோமீட்டரும் மட்டுமன்றி, புது வாஷர் போடப்பட்டதா, ஐந்து நிமிடம் வேகம் கூட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டதா, குச்சியில் அளவு எவ்வளவு என்பனவும் எழுதப்படுகின்றன. மறுநாட் காலை அடியில் விரித்த துணியைப் பார்த்து ஓட்டுநர் கையொப்பமிடுகிறார். பழைய பில்ட்டரின் ரப்பர் வளையத்தையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வவுச்சருடன் கோக்கும்படி கூறியுள்ளோம். எந்தத் தணிக்கை விதியிலும் இதற்கு இடமில்லை. கோப்பிலும் எண்ணெய்க் கறை படுகிறது என்று எழுத்தர் குறைப்படுகிறார். ஒரு காகிதப் பையில் இட்டுக் கோக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம்.