மானுக்கு விதைத்த மொச்சை



எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டியது. அங்கே தாத்தாவுக்கு 2 ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகு விதைப்பார், ஊடுபயிராக மொச்சை போடுவார். இரவெல்லாம் பரண்மீது அமர்ந்து தகரத்தைத் தட்டுவார். நான் சிறுவனாக அவருடைய கம்பளிக்குள் சுருண்டு கிடந்ததுண்டு. ஒரு புறம் பன்றி வரும். மறு புறம் புள்ளிமான் வரும். "முளையிலே வாய் வைச்சா செடி போச்சு, பூவிலே வைச்சா காய் போச்சு" என்பார் தாத்தா.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மொச்சை வீடு வந்து சேரவில்லை. நட்ட ஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "எவ்வளவு போயிற்று? கணக்கு உண்டா?" என்று கேட்டார்கள். தாத்தா கையை விரித்தார். அத்துடன் அந்த நிலம் தரிசாயிற்று. தந்தையார் எங்களை அழைத்துக்கொண்டு பிழைப்புக்காக வடக்கே வந்தார். இன்று நான் இங்கே உழவியலில் முதுகலை படிக்கிறேன்.

தீவனப் பயிர்கள் பற்றிய பாடத்தில் மொச்சையும் ஒன்று. நூலகத்தில் அதைப் பற்றி மேலும் படித்தபோது எனக்கு வியப்பு காத்திருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதே மொச்சையை, மான் வந்து தின்னட்டும் என்றே விதைக்கிறார்கள்! 'லேப்லேப்' என்று அதற்குப் பெயர். டெக்சாஸ் மாநிலத்தில் ஓவர்ட்டன் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 'ரியோ வெர்டே' என்ற மொச்சை வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கடிபட்டாலும் மீண்டும் தழைப்பது அதன் சிறப்பு. நாங்கள் விரட்டிய விருந்தாளியை அவர்கள் இலை போட்டு அழைக்கிறார்கள். ஏன்? எப்படி? இதைச் சொல்லவே இக்கட்டுரை.

எதற்காக விதைக்கிறார்கள்?

வேட்டைக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே வெண்வால் மான் என்று ஓர் இனம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டற்ற வேட்டையால் அது சில லட்சங்களாகக் குறைந்து போயிற்று. பிறகு சட்டங்கள் வந்தன. இன்ன மாதம்தான் சுடலாம், இத்தனைதான் சுடலாம் என்று வரம்பு கட்டினார்கள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. இன்று அந்த மான்கள் ஏறத்தாழ 3 கோடி. டெக்சாஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. ஆகவே தன் நிலத்துக்கு மானை வரவழைப்பது நிலக்காரரின் கவலையாகிவிட்டது.

இதற்காகக் காட்டோரத்தில் பயிரிடும் நிலத்தை நான் 'மான் புனம்' என்று அழைக்கப் போகிறேன். மலைக்கொல்லைக்குப் புனம் என்பது நம்முடைய பழைய சொல் அல்லவா? மான் புனம் இருவகை. ஒன்று, ஓர் ஏக்கரும் அதற்கு மேலும் பரந்த ஊட்டப் புனம். இது ஆண்டு முழுவதும் மானுக்கு உணவு தருவது. மற்றொன்று, கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவுள்ள வேட்டைப் புனம். இது வேட்டைப் பருவத்தில் மானைக் கண்ணெதிரே கொண்டு நிறுத்துவது.

மானின் வயிற்றை அறிதல்

மானும் மாட்டைப்போல் அசைபோடும் விலங்குதான். ஆனால் அதன் முதல் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. முற்றிய புல்லை மூட்டை மூட்டையாகத் தின்று செரிக்க அதனால் இயலாது. இளந்தளிர், மொட்டு, பூண்டு, கனி, ஓக் மரத்தின் கொட்டை என்று பொறுக்கித் தின்னும். மேல் முன்பற்கள் இல்லாமையால் கடித்து இழுக்கும். கடிபட்ட தண்டின் நுனி நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும்.

எப்பொழுது என்ன தேவை என்பதையும் அறிய வேண்டும். ஆண்மானுக்கு வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுவதும் கொம்பு வளர்கிறது. பிணைமான் அதே கோடையில் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இரண்டுக்கும் புரதம் வேண்டும். உணவில் 16 சதவிகிதம் அளவு இருப்பது நன்று என்பார்கள். ஆகவே கோடைக்கு மொச்சை, தட்டைப்பயறு, சோயா ஆகியவை ஏற்றவை. குளிர்காலத்துக்கு ஓட்ஸ், கோதுமை, குளோவர், டர்னிப், முள்ளங்கி ஆகியவை உதவும். உறைபனி விழுந்தபின் டர்னிப் இலையில் சர்க்கரை கூடுகிறது; அதுவரை திரும்பிப் பாராத மானும் அப்போது தேடி வரும்.

நிலமும் விதையும்

முதலில் மண்ணை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். காட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையே இருந்தால் குளோவர் செழிக்கும். குறைந்தால் சுண்ணாம்புத்தூள் இட வேண்டும். சுண்ணாம்பு வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும். விதைக்கும் அன்று தூவிப் பயனில்லை.

பயறு வகை விதைகளுக்கு ரைசோபியம் பாக்டீரியாவைப் பூசி விதைக்க வேண்டும். மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் ஒரே கூட்டத்துப் பாக்டீரியா போதும், குளோவருக்கு வேறு. பொருந்திய பாக்டீரியா கிடைத்தால் செடி காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும். குளோவர் விதை மிகச் சிறியது. கால் அங்குலத்துக்கு மேல் புதைத்தால் வெளியே வராது. ஓட்ஸ் ஓர் அங்குல ஆழத்திலும் முளைக்கும். மொச்சைக்கு மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குத் தாத்தாவின் குரல் கேட்டது. மொச்சை இரண்டிலை விட்டதும் மான் கூட்டம் புகுந்தால் புனம் அழிந்துவிடும். எனவே அமெரிக்கரும் நிறைய நிலத்தில் விதைக்கிறார்கள். இல்லாவிட்டால் செடி கொடிவீசும் வரை மின்வேலி இட்டுக் காக்கிறார்கள். விருந்துக்கு அழைப்பவரும் முதலில் சில வாரம் விரட்டத்தான் வேண்டியிருக்கிறது!

இடமும் காற்றும்

புனம் சதுரமாக இருக்கலாகாது. நீண்டு ஒடுங்கி, வளைந்து நெளிந்து இருக்க வேண்டும். புதர் அருகில் இருந்தால்தான் மான் பகலொளியில் வெளிவரும். பெருவெளியானால் இருட்டிய பிறகே வரும். உடுக்கைபோல் இடை சிறுத்த புனத்தில், அந்த இடைக்கு எதிரே வேட்டைக்காரர் பரண் அமைக்கிறார்.

மானுக்கு மூக்குதான் காவலாளி. ஆகவே மான் வரும் திசையிலிருந்து பரணை நோக்கிக் காற்று வீச வேண்டும். மேட்டு நிலத்தில் காலையில் வெயிலேறக் காற்று மேல்நோக்கிச் செல்லும். மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். புனத்தின் நடுவே நடந்து பரணுக்குப் போகிறவர் மனித வாடையை விதைக்கிறார். நாள்தோறும் போய் உட்காருகிறவருக்கு மான் காட்சி தராது. எங்கள் பரணிலோ, நம் வாடையும் ஓசையும் மானுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தாத்தா காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவார். அறிவு ஒன்றுதான், நோக்கம் மாறிவிட்டது.

புனம் செய்யாதவை

இத்தனை செய்தும் ஓக் மரங்கள் நன்றாகக் காய்த்த ஆண்டில் மான்கள் புனத்தை எட்டியும் பாரா. காடே அடுக்களை, புனம் அதில் ஒரு தட்டு. மேலும், கொம்புள்ள ஆண்மானையே நாடிப் பிணைகளை விட்டுவைத்தால் தொகை பெருகும். எட்டிய உயரம்வரை தழை மறைந்து, காடு இடுப்புக்குக் கீழே மொட்டையாகும். அந்தக் குறையைப் புனம் நிரப்பாது.

தானியத்தைக் குவித்துக் கொட்டி மானை ஈர்ப்பது வேறு, பயிரிடுவது வேறு. குவியலில் மூக்கோடு மூக்கு உரசி நோய் பரவ இடமுண்டு. 1967-இல் கொலராடோவில் முதன்முதல் அறியப்பட்ட மான் மெலிவு நோய் இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் காணப்படுகிறது. அதை உண்டாக்கும் பிரியான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கும். மருந்தில்லை. அதனால் பல இடங்களில் குவித்துக் கொட்டுவதைத் தடுத்திருக்கிறார்கள்.

கூண்டு சொல்லும் கணக்கு

நான் படித்தவற்றுள் என்னை நிறுத்தியது ஓர் எளிய கருவி. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள கம்பி வலையை வட்டமாக வளைத்து, விதைத்தவுடன் புனத்தின் நடுவே முளையடித்து நிறுத்துகிறார்கள். கூண்டுக்குள் மானின் வாய் புகாது, வெளியே தடையில்லை. சில வாரம் கழித்து உள்ளே முழங்கால் உயரம், வெளியே தரை மட்டம் என்றால், பயிர் முளைத்தது, மான் தின்றுவிட்டது என்று பொருள். இரண்டும் ஒரே உயரமாகக் குட்டையாக இருந்தால் குற்றம் மண்ணுடையது; மானைப் பழிப்பது வீண். உள்ளும் புறமும் ஒரே பரப்பை அறுத்து எடைபோட்டால் போனது எவ்வளவு என்பது கிலோ கணக்கில் வந்துவிடும்.

"எவ்வளவு போயிற்று?" என்று தாத்தாவிடம் கேட்டார்களே, அதற்கு விடை இந்தக் கூண்டுக்குள் அல்லவா இருக்கிறது!

நமக்கு ஆவது என்ன?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துவிட்டது. தடுத்தது சரியே. ஆனால் மானின் பசியை அறியும் அறிவுக்கு நாட்டெல்லை இல்லை. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாவில் பாரசிங்கா மான்கள் 1970-இல் 66 ஆகக் குறைந்திருந்தன. வேலியிட்ட பாதுகாப்பாலும், புல்வெளிகளைப் பேணியதாலும் அவை மீண்டன. அங்கே துப்பாக்கியில்லாமலே மானுக்கு இலை போட்டார்கள்.

வேட்டைக்காரர் தம் விருந்தைக் கணக்கிடக் கண்ட கருவி, உழவர் தம் இழப்பைக் கணக்கிடவும் உதவும். வருகிற ஆடியில் தாத்தாவின் தரிசில் கால் ஏக்கர் உழுது மொச்சை விதைக்கச் சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு கூண்டுகளுக்கு வேண்டிய கம்பி வலையை என் உதவித்தொகையில் வாங்கியிருக்கிறேன். யானை வந்தால் கூண்டும் மிஞ்சாது என்று சித்தப்பா சிரிக்கிறார். அப்படியானால் அதையும் குறித்துக்கொள்வோம்.

மானைக் குற்றவாளியாக்குவது என் எண்ணமன்று. அது தன் பசிக்குத் தின்றது. எங்கள் பசிக்குக் கணக்கு இல்லாமற் போயிற்று. தாத்தாவுக்கு இப்போது வயது 81. தொலைபேசியில் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தகரத்தை எங்கே வைச்சேன்னு தேடணும்" என்றார்.