வீட்டினுள் நாற்று வளர்த்தலும் எல்.ஈ.டி. விளக்கின் நிறமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை ஓயாது பொழியுங்கால், திறந்த பாத்தியில் இட்ட மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் மழையடிபட்டும் நாற்றழுகல் நோய்க்கு இரையாகியும் அழிவதுண்டு. இதற்கு அஞ்சி நாற்றுத் தட்டுகளை விறாந்தையிலும் களஞ்சிய அறையிலும் வைக்கும் கமக்காரர், சில நாட்களில் வேறொரு குறையைக் காண்பர். நாற்றுகள் மெலிந்து நெடுத்து, யன்னற் பக்கமாகச் சாய்ந்து, வெளிறிய இலைகளுடன் நிற்கும். இத்தகைய நாற்றை நட்டால் அது காற்றில் முறியும். முறியாது தப்பியதும் வேரூன்றப் பல நாட் செல்லும். ஒளிப் பற்றாக்குறையே இதற்குக் காரணம்.

இக்குறையைத் தீர்ப்பதற்கென ஊதா நிற ஒளி வீசும் “பயிர் விளக்குகள்” கடைகளில் விற்கப்படுகின்றன. இவை சாதாரண வெள்ளை விளக்கைவிடப் பன்மடங்கு விலையுடையன. வித்திற்கும் உரத்திற்கும் ஆகவேண்டிய பணத்தை விளக்கில் இடுமுன், ஒளியின் நிறம் பயிருக்கு என்ன செய்கின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

பயிர் காணும் நிறங்கள்

வெயில் வெண்மையாகத் தோன்றினும் அது பல நிறங்களின் கலப்பு என்பதை வானவில் காட்டும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் அலைநீளம் உண்டு. அது நனோமீற்றரில் அளக்கப்படும். 400 முதல் 500 வரை நீலமும், 500 முதல் 600 வரை பெரும்பாலும் பச்சையும் மஞ்சளும், 600 முதல் 700 வரை செம்மஞ்சளும் சிவப்பும் அமைந்துள்ளன. 700க்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பை நமது கண் அரிதாகவே காணும். பயிரோ அதனை நன்கு உணரும்.

இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சும். ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மன் 1882இல் பாசியிழை ஒன்றின் மேல் பல நிற ஒளியை விழச்செய்து, ஒட்சிசனை நாடும் பற்றீரியாக்கள் சிவப்பு, நீலப் பகுதிகளிலேயே கூட்டங்கூடியதைக் கண்டார். இதிலிருந்து பலர் பச்சை ஒளி பயிருக்குப் பயனற்றது என்று கொண்டனர். அக்கருத்துத் தவறாகும். அமெரிக்காவில் மக்கிறீ என்பவர் பல்வேறு பயிர்களின் இலைகளை நிறந்தோறும் அளந்து 1972இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பச்சை ஒளியும் கணிசமான அளவுக்கு உணவாக்கத்திற் பயன்படுகின்றது. அன்றியும், நீலமும் சிவப்பும் மேலிலையிலேயே தங்கிவிட, பச்சை ஒளி ஊடுருவிக் கீழிலைகளையும் சென்றடையும்.

அவ்வாறாயின் ஊதா விளக்கு ஏன் தோன்றியது? தொடக்கத்தில் நற்றிறன் வாய்ந்த எல்.ஈ.டி.கள் சிவப்பிலும் பின்னர் நீலத்திலுமே கிடைத்தன. 1990 அளவில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் சலாதுப் பயிரை வளர்த்து ஆராய்ந்தோர், சிவப்பு எல்.ஈ.டி.யுடன் நீல ஒளிக்குச் சாதாரணக் குழாய் விளக்கையே துணைக்கொண்டனர். பிற்காலத்தில் இரு நிற எல்.ஈ.டி.களும் ஒன்றாக்கப்பட்டபோது ஊதா நிறம் பிறந்தது. அது பயிரின் தேவையால் மட்டுமன்றி, அக்காலத்துக் கருவியின் குறையாலும் வந்த நிறமாகும்.

சிவப்புத் தனித்து நின்றால் உணவாக்கம் நடைபெறும், நாற்றோ நெடுக்கும். நீலம் தண்டைக் குறுக்கி, இலையைத் தடிப்பாக்கி, நாற்றைத் திடமாக்கும். ஆயினும் நீலம் மிகையானால் இலை சிறுத்து வளர்ச்சி குன்றும். தொலைச்சிவப்பு மிகுந்தவிடத்துப் பயிர் தான் வேறொரு மரத்தின் நிழலில் இருப்பதாக உணர்ந்து மேலெழ முயலும். நெருக்கமாக விதைத்த பாத்தியில் நாற்று நெடுப்பதற்கும் இதுவே ஒரு காரணம். ஆதலால் விளக்கு எத்தகையதாயினும் நாற்றை அடர்த்தியாக வளர்த்தல் ஆகாது.

வித்து முளைப்பதிலும் நிறத்திற்குப் பங்குண்டு. அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் 1952இல் சலாது வித்துக்குச் சிவப்பு ஒளி காட்டியபோது அது முளைத்தது. அதன்பின் தொலைச்சிவப்பைக் காட்ட முளைப்பு நின்றது. இரண்டையும் மாறிமாறிக் காட்டியபோது இறுதியிற் காட்டிய நிறமே முடிவு செய்தது. சலாது வித்தை ஆழப் புதைக்கலாகாது, மேலாகத் தூவி மெல்லிய படையாகத் தும்புத்தூள் இட்டாற் போதும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. மிளகாய்க்கும் தக்காளிக்கும் இவ்விதி வேண்டுவதில்லை.

வெள்ளை விளக்கே போதுமானது

வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல எல்.ஈ.டி.யே. அதன் மேற் பூசப்பட்ட பொருள் நீல ஒளியின் ஒரு பகுதியைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றது. எனவே பயிருக்கு வேண்டிய நிறங்கள் யாவும் அதனுள் உள்ளன. அவற்றின் விகிதமே விளக்குக்கு விளக்கு வேறுபடும். பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணைக் கொண்டு அதனை அறியலாம். 2,700 முதல் 3,000 வரை எண்ணுடைய மஞ்சட் சாயல் விளக்கில் நீலம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. 4,000இல் ஐந்திலொரு பங்கு. 6,500 எண்ணுடைய பகல் வெள்ளையில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேல். நாற்றுக்கு 4,000 முதல் 6,500 வரை தெரிதல் வேண்டும். எண் குறைந்த மஞ்சள் விளக்கை வாங்கினால் நாற்று நெடுக்க இடமுண்டு.

வெள்ளைக் குமிழின் மேற் சிவப்புத் தாளோ நீலத்தாளோ சுற்றுவோரும் உளர். தாள் எந்நிறத்தையும் கூட்டுவதில்லை, இருக்கும் ஒளியைத் தடுத்துவிடுகின்றது.

வெள்ளை ஒளிக்கு இன்னுமொரு சிறப்புண்டு. ஊதா ஒளியின் கீழ் இலையாவும் கருமையாகத் தோன்றும். நைதரசன் குறைந்து மஞ்சளாகிய இலை, புள்ளி விழுந்த இலை, தண்டின் அடியில் நீர்கோத்த நாற்று ஆகியன கண்ணுக்குப் புலப்படா. நாற்றழுகல் ஒரு மூலையில் தொடங்கினால் இரண்டொரு நாளில் தட்டு முழுவதும் பரவக்கூடும். நோயைக் காணாத ஒரு நாள் தாமதம் முழு நாற்றையும் இழக்கச் செய்யும். இக்காரணம் ஒன்றே வெள்ளையைத் தெரியப் போதுமானது. ஊதா விளக்கை ஏற்கெனவே வாங்கியவர், நாற்றைப் பார்வையிடும்போது அதனை அணைத்து வெள்ளை வெளிச்சத்திற் பார்ப்பாராக.

நிறத்திலும் அளவே முதன்மையானது

நாற்று நெடுப்பதற்குப் பெரும்பாலும் நிறத்தின் பிழையன்று, ஒளியின் குறைவே காரணம். மனிதக் கண் மங்கிய ஒளிக்கும் பழகிவிடுவதால் இதில் ஏமாற்றமடையும். வெட்டவெளியில் நண்பகல் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். யன்னலுக்கு அப்பாலுள்ள அறையின் நடுவிலோ சில நூறு லக்ஸ் மட்டுமே. நாற்றின் இலைமட்டத்தில் 10,000 லக்ஸ் அளவு வெள்ளை ஒளி நாள்தோறும் 14 முதல் 16 மணித்தியாலம் கிடைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியிலுள்ள ஒளியளவுச் செயலி கொண்டு இதனை உத்தேசமாக அளக்கலாம்.

4 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள ஒரு தட்டில் வழக்கமான நாற்றுத் தட்டுகள் இரண்டை வைக்கலாம். அதற்கு 20 வாற்று எல்.ஈ.டி. குழாய் விளக்குகள் மூன்று வேண்டும். அவற்றை இலைக்கு மேல் 6 முதல் 8 அங்குல உயரத்தில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர உயர்த்துக. கூரையில் விளக்கை மாட்டிவிட்டு நாற்றைத் தரையில் வைத்தலால் யாதும் பயனில்லை. பக்கங்களில் வெள்ளைப் பூச்சிட்ட பலகை நிறுத்தினால் சிதறும் ஒளி திரும்பி வரும். 60 வாற்று 14 மணித்தியாலம் எரிய நாளொன்றுக்கு 0.84 அலகு மின்சாரமும், 25 நாளுக்கு 21 அலகும் செலவாகும். தத்தம் மின்பட்டியலின் விலைப்படி இதனைக் கணக்கிட்டு, வாங்கும் நாற்றின் விலையுடன் ஒப்பிட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். மழையில்லாத காலத்தில் ஒளிபுகும் கூரையிட்ட பந்தலே மலிவானது.

இரவு முழுவதும் விளக்கை எரியவிடலாகாது. இடையறாத ஒளியில் தக்காளி இலை மஞ்சளாகிப் பழுதுறும். நீர் தெளிக்கும் இடமாதலால் இணைப்புகளை நனையாவண்ணம் மேலே அமைத்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள மின்சுற்றிலேயே விளக்கைப் பொருத்துக.

நெல்லும் விளக்கும்

நெல்லையும் இவ்வாறு வளர்க்கலாமோ என்று வினவுவோர் உளர். ஒரு பேர்ச்சஸ் நிலத்து நெல்லுக்கு உலர்வலய வெயிலின் அரைப்பங்கு ஒளியை நல்ல எல்.ஈ.டி. விளக்காற் கொடுப்பதாயினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 அலகு, 100 நாளுக்கு 5,000 அலகு மின்சாரம் வேண்டும். கிடைக்கும் நெல்லோ 12 கிலோகிராம் அளவே. வெயில் இலவசமாகக் கிடைக்கும் வயலை விட்டு நெல் அறைக்குள் வரவேண்டியதில்லை.

எனினும் விளக்கொளி நெல்லைத் தாக்கும் வகை ஒன்றுண்டு. மாவீ போன்ற நீண்ட வயதுடைய பழைய இனங்கள் இரவு நீண்ட பின்னரே கதிர் தள்ளும். வரம்போரத் தெருவிளக்கின் ஒளி, சிறப்பாக அதிலுள்ள சிவப்பு, இரவைக் குறுகியதாகக் காட்டுதலால், விளக்கை அண்டிய பகுதி பச்சையாகவே நிற்க மற்றைய பகுதி கதிராகும். நாட்பொழுதைக் கருதாத புதிய குறுகிய வயது இனங்களில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

நாற்றை வெளியேற்றல்

விளக்கின் கீழ் வளர்ந்த இலை மென்மையானது. நேர் வெயிலில் ஒரே நாளில் வெந்துவிடும். ஆதலால் நடுவதற்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் தட்டுகளை வெளியே எடுத்தல் வேண்டும். முதலிரு நாட்கள் மரநிழலிலும், பின்னர் காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் எனவும் கூட்டி, நீரையும் சிறிது குறைத்து வருக. மழை வரும் அறிகுறி தோன்றினால் தட்டுகளை உள்ளே கொண்டுவரலாம். அந்நாளைக் கணக்கிற் சேர்க்காது மறுநாள் தொடருக.