ஓவன் இல்லாத வீட்டில் வான்கோழி

கேள்வி: நாங்கள் புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் அன்று நாத்தனார் குடும்பமும் சேர்ந்து பன்னிரண்டு பேர் சாப்பிடுவோம். வருஷா வருஷம் மட்டன் பிரியாணிதான். இந்த வருஷம் வான்கோழி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரிந்த கறிக்கடைக்காரர் ஐந்து கிலோ உயிர் எடையில் ஒன்று வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். எங்களிடம் ஓவன் கிடையாது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, குக்கர், மாமியார் காலத்துப் பிரியாணி அண்டா, இவ்வளவுதான். வீடியோக்களில் ஒன்று ஓவனில் வைக்கிறார்கள், இல்லையென்றால் முழுசாகக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குகிறார்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்ய முடியுமா? கெட்டுப்போனால் அவ்வளவு பணமும் வீண்.

பதில்: முடியும் அம்மா. உங்கள் மாமியாரின் அண்டா போதும். ஓவன் வாங்க வேண்டாம், யாரிடமும் இரவல் கேட்கவும் வேண்டாம்.

வான்கோழியின் தாய்நாடு மெக்சிகோ. அங்கே அதை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக வளர்க்கிறார்கள். அந்த ஊர்த் திருவிழாச் சமையல், காய்ந்த மிளகாயை அரைத்துச் சேர்த்த கெட்டிக் குழம்பில் வான்கோழியைப் பானையில் வேகவைப்பதுதான். 'மோலே' என்று அதற்குப் பெயர். நம் வீட்டுக் கோழிக் குழம்புக்கு அது தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஓவனில் முழுசாக வாட்டுவது, ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகு அங்கே பிடித்த பழக்கம். நம் நாட்டுக்கும் வான்கோழி நேற்று வந்ததல்ல. 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பாதுஷாவின் அரண்மனைக்கு ஒன்று வந்தது. அவர் வியந்துபோய்த் தன் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார்.

உங்கள் பகுதிக்கும் இது புதிதல்ல. பெரம்பூர் ரயில்வே பட்டறையைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் மேஜையில் வான்கோழியோ வாத்தோ இருக்கும். அந்த வீடுகள் பலவற்றில் ஓவன் கிடையாது. கேக் மாவை பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள், கறியைக் கனமான பாத்திரத்தில் முழு மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய், வினிகர் போட்டு மூடி, சிறு தீயில் ரோஸ்ட் செய்வார்கள். 'பாட் ரோஸ்ட்' என்று அதைச் சொல்வார்கள். நான் உங்களுக்குச் சொல்லப்போவது அந்த முறையைத்தான்.

நம் ஊர்ப் பறவைக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீடியோவில் நீங்கள் பார்ப்பது அமெரிக்கப் பண்ணையில் வளர்ந்த அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை இனம். நாலைந்து மாதத்தில் அறுத்துவிடுவார்கள், கறி மிருதுவாக இருக்கும். இங்கே கறிக்கடைக்கு வருவது பெரும்பாலும் கொல்லையில் மேய்ந்து வளர்ந்தது. வயது கூடுதல், கொழுப்பு குறைவு, கால் கெட்டி. அதை ஓவனின் வறண்ட சூட்டில் வைத்தால் நார் நாராகிவிடும். மூடிய பாத்திரத்தின் ஈரச் சூடுதான் அதை இளக்கும். நந்தனம் வான்கோழி என்று நம் கால்நடைப் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த இனம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் 'பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை' என்ற இனத்தையும் கலந்து உருவானது. அந்தச் சிறு வெள்ளையே 1930-களில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பண்ணையில், சின்னக் குடும்பத்துக்கும் சின்ன அடுப்புக்கும் ஏற்ற பறவை வேண்டும் என்று உருவாக்கத் தொடங்கியதுதான்.

இப்போது கறிக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது. சேவலைவிடப் பெட்டை நல்லது. முக்கியமாக, தோலை உரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் கடைகளில் கேட்காமலேயே உரித்துவிடுவார்கள். தோல் போனால் நெஞ்சுக்கறியைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, நாட்டுக்கோழியைப் போல நெருப்பில் வாட்டித் தரச் சொல்லுங்கள். ஐந்து கிலோ உயிர் எடைக்குச் சுத்தம் செய்த பிறகு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வரும். மற்ற பதார்த்தங்களோடு பன்னிரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

பிறகு அதை வெட்டச் சொல்லுங்கள். முழுசாக மேஜையில் வைக்கும் ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் நெஞ்சும் காலும் ஒரே நேரத்தில் வேகாது. நெஞ்சுக்கறி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கிவிட வேண்டும், அதைத் தாண்டினால் சக்கை. கால் கறியோ 80, 85 வரை போய் நிதானமாக நின்றால்தான் அதிலுள்ள ஜவ்வு உருகும். இரண்டு கால், இரண்டு ரெக்கை, எலும்போடு நெஞ்சு இரண்டு பாகம், முதுகு, கழுத்து என்று பெரிய துண்டுகளாக இருக்கட்டும். உங்கள் ஃப்ரிட்ஜிலும் துண்டுகள்தான் அடங்கும்.

24-ம் தேதி காலையில் கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு, பொடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது தேய்த்து, மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைக்காதீர்கள். டிசம்பரிலும் சென்னையில் பகலில் 29 டிகிரி வரை போகும், அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கறி தாங்காது.

மறுநாள் அண்டாவில் எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும் காயவிட்டு, துண்டுகளின் ஈரத்தைத் துடைத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு நன்றாகச் சிவக்க விடுங்கள். இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள், நெருக்கிப் போட்டால் சிவக்காது, நீர்தான் விடும். இந்த நிறத்தில்தான் ரோஸ்ட்டின் ருசியே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் நாலு பெரிய வெங்காயம், இரண்டு துண்டு பட்டை, ஆறு கிராம்பு, ஒரு டேபிள்ஸ்பூன் முழு மிளகு, ஆறு காய்ந்த மிளகாய் போட்டு வதக்குங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் வினிகரும் இரண்டு டம்ளர் வெந்நீரும் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிவிடுங்கள். முதலில் கால், ரெக்கை, முதுகு, கழுத்து. அண்டாவுக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, மூடியைச் சுற்றி மைதா பிசைந்து ஒட்டி, சிறு தீயில் ஒரு மணி நேரம். தம் போடுவதை உங்கள் தெருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து கால் எலும்பைத் திருகிப் பாருங்கள். அசைந்து கொடுக்கத் தொடங்கியிருந்தால் நெஞ்சுத் துண்டுகளைத் தோல் மேலே இருக்கும்படி மேலாக அடுக்கி, உருளைக்கிழங்கு, கேரட் சேர்த்து, மீண்டும் மூடி நாற்பது நிமிஷம். கால் அசையவே இல்லை என்றால் பறவை வயதானது. கால் துண்டுகளைக் கொஞ்சம் சாறோடு குக்கருக்கு மாற்றி, விசில் வந்த பிறகு சிறு தீயில் இருபது நிமிஷம் வையுங்கள். நெஞ்சைக் குக்கரில் போட வேண்டாம்.

வெந்ததா என்று சாறின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் படாமல் கனமான இடத்தில் குத்தினால் 74-க்குக் குறையக்கூடாது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கறிக்கு அந்தச் செலவு நியாயமானது. கடைசியாக நெஞ்சுத் துண்டுகளைத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுத் தோல் பக்கம் மொறுமொறுப்பாக்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு நறுக்குங்கள். அண்டாவில் நிற்கும் சாற்றை வற்றவிட்டால் அதுதான் கிரேவி.

மூடி மேல் கரித்துண்டு போட நினைத்தால் மொட்டை மாடியில் மட்டும் செய்யுங்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும். முழு வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குவதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். பறவையில் துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். அமெரிக்காவிலேயே தீ பாதுகாப்பு அமைப்புகள் வேண்டாம் என்கின்றன. சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் நம் சமையலறையில் அதை நினைக்கவே கூடாது.

கேள்வி: எங்களுக்கு நாட்டு வான்கோழி கிடைக்கவில்லை. கடையில் ஐஸில் உறைந்த நாலு கிலோ பறவைதான் கிடைக்கிறது. எப்போது வெளியே எடுக்க வேண்டும்? உள்ளே ரொட்டி, ஈரல் அடைத்துச் செய்யலாமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிய பிறகு இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வையுங்கள். நாலு கிலோவுக்கு இரண்டு நாள், கூட அரை நாள் கையிருப்பு. 21-ம் தேதி மாலையே இறக்கிவிடுங்கள். அடியில் தாம்பாளம் வையுங்கள், வடியும் நீர் மற்ற சாப்பாட்டில் படக்கூடாது. உறையில் உப்புநீர் ஏற்றியது என்று போட்டிருந்தால் நான் மேலே சொன்ன உப்பில் பாதி போதும். முழுசாக உறைந்ததைக் கடையில் வெட்டித் தர மறுத்தால், இளகிய பிறகு வீட்டிலேயே மூட்டு மூட்டாகப் பிரிக்கலாம்.

உள்ளே அடைக்க வேண்டாம். அடைத்த ரொட்டி பச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், அண்டாவின் சூடு அதன் நடுவே போய்ச் சேருவதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். ஈரலை வெங்காயம், மிளகோடு வதக்கி, ரொட்டித் தூள் சேர்த்துத் தனியாகப் பரிமாறுங்கள்.

கேள்வி: மீதியான வான்கோழியை என்ன செய்வது? மறுநாள் சாப்பிடலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: பரிமாறிய இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நாலு நாள் தாங்கும். ஆவி பறக்கும் அளவுக்குச் சூடு செய்து சாப்பிடுங்கள். பெரம்பூர் வீடுகளில் மீந்த ரோஸ்ட்டை வெங்காயம், பச்சை மிளகாய், குடமிளகாயோடு வதக்கி ஜல்ஃப்ரெஸி ஆக்குவார்கள், அதற்கு ஈடு கிடையாது. எலும்புகளையும் கழுத்தையும் தூக்கிப் போடாதீர்கள். குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து வடித்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். பண்டிகைக்கு மறுநாள் சளியோடு எழுந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதை முதலில் கொடுங்கள்.