மாட்டு வாயும் உமிழ்நீரும்



குழுக் கடனில் கறவை மாடு வாங்கினவங்க அதோட வாயைப் பார்த்திருப்பீங்க. மேலே முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். (ஏமாத்தி வித்துட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க!) வளர்ந்த மாட்டுக்குக் கீழே 8 முன்பல், உள்ளே 24 கடைவாய்ப்பல்.

காதுக்குக் கீழே, தாடைக்கு உள்பக்கம், நாக்குக்கு அடியில் என மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள். கறவை மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேலும் சுரக்கும். அதில் சமையல் சோடா போன்ற உப்பு இருக்கு. அதுதான் வயிற்றுப் புளிப்பை முறிக்கிறது. வைக்கோல், புல் தின்று அசைபோட்டால்தான் உமிழ்நீர் நிறைய ஊறும். சோற்றை மாடு மெல்லாமலே விழுங்கிடும். நம்ம பெருங்களத்தூர் பக்கம் கல்யாண மண்டபத்தில் மிஞ்சின சோற்றை அண்டாவோடு வைத்தால் புளிப்பு ஏறி, அசைபோடுவது நின்று, மாடு ஓரிரு நாளில் செத்தும் போகலாம். தவணை மட்டும் நிற்காது. அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் உடனே 1962-க்குப் போன் செய்யுங்க.

எச்சில் நூலாக ஒழுகினால் கோமாரிப் புண்ணாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்குன்னு வெறுங்கையை மட்டும் விடாதீங்க. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் அப்படித்தான் ஒழுகும். அந்த உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருக்கும். கை பட்டுவிட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடுற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கணும்.